துணி விழுந்தது, முகம் விழவில்லை

வள்ளலாரைப் படம் எடுக்க முடியவில்லை என்பது வடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. சென்னைப் புகைப்படக்காரர் ஒருவரைக் கொண்டு அன்பர்கள் எடுக்கச் சொன்னார்களாம். மாசிலாமணி முதலியார் என்று பெயரும் சொல்வார்கள். எட்டுத் தடவை எடுத்தார். எட்டுத் தடவையும் வெள்ளாடை மட்டும் விழுந்தது. முகம் விழவில்லை, கை கால் விழவில்லை. உடம்பே ஒளியாகிக்கொண்டிருந்தது, அது எப்படிப் படத்தில் நிற்கும் என்று கதையை முடிப்பார்கள். இதற்குத் துணையாக இன்னொரு கதையும் உண்டு. பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் உருவம் செய்து கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிப் பார்த்தவர், பொன்னாக இருந்த உடம்பை மண்ணாக்கிவிட்டார்களே என்று கையை நழுவ விட்டுவிட்டாராம். இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுச் சுவரில் அவர் படம் மாலையோடு தொங்குகிறது. முக்காடிட்ட வெள்ளாடை, கட்டிய கை, அமைதியான பார்வை. எல்லாம் ஓவியர்கள் வரைந்தது.

எனக்கு இந்தக் கதை வேறு வழியாக வந்து சேர்ந்தது. நான் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்துக்குப் போர்ட்ரெய்ட் பாடம். ஆட்டோ கூடாது, மேனுவல் மோடு மட்டும். எடிட்டிங்கும் கூடாது, கேமராவிலிருந்து வந்த ஜேபெக் அப்படியே வர வேண்டும். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் நிக்கானும் ஒரு 50 எம்எம் லென்ஸும். வீட்டில் பொறுமையாக உட்கார்ந்து கொடுக்கிற ஆள் ஆயா ஒருத்திதான். தாத்தா உயிரோடு இருந்தபோதே சன்மார்க்கத்துக்கு வந்து, அன்றிலிருந்து வெள்ளைச் சேலை தவிர வேறு கட்டாதவள். தலையில் முக்காடு. மாசப் பூசம் தவறாமல் சபைக்குப் போகிறவள். ஆக, திண்ணையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தது அதே கணக்கு: வெளுத்த துணி, கறுத்த முகம்.

கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு உலகத்தைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான். எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், தன்மேல் பட்ட ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது. சேலையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அடுப்புக்கரியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஆட்டோவில் இந்த அபிப்பிராயம்தான் தீர்ப்பு. மேனுவலில் அது வெறும் யோசனை. வியூஃபைண்டரின் அடியில் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் கோடுகள் ஓடும். அதைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் நம் பாடு. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஸ்பாட் மீட்டரால் முக்காட்டுக்குள் இருந்த கன்னத்தை மட்டும் பார்த்து, ஷட்டரை 1/125-ல் நிறுத்தினேன். கன்னத்து வரி, புருவ நரை, மூக்குத்தி இல்லாத மூக்குத்தித் துளை, எல்லாம் வந்தன. சேலை மொத்தமும் வெள்ளைப் பாழ். பின் திரையில் அந்த இடம் மட்டும் கறுப்பும் வெளுப்புமாக மினுக்கியது. இங்கே ஒன்றுமே பதியவில்லை என்று கேமரா சொல்லும் முறை அது. ஷட்டரை 1/500-க்குக் கொண்டுபோனேன். சேலை திரும்பி வந்தது, நெசவு வரைக்கும் தெரிந்தது. முகம் முக்காட்டு இருட்டுக்குள் போய்விட்டது.

நடுவில் 1/250 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் இரண்டும் அரைகுறை. யாருக்கும் வருத்தமில்லாத மாதிரி எடுத்த படத்தில் ஒருத்தரும் இல்லை.

அந்தச் சராசரிக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேபுகளுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் கன்னம் சரியாக வந்துவிட்டால் கலர் சரி என்று அர்த்தம். அந்தக் கன்னத்துக்குச் சரிசெய்த ஃபிலிமில், வெளுத்த பிள்ளைகளும் கறுத்த பிள்ளைகளும் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில் கறுத்தவர்களுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் விழுந்தன. முகம் விழாமல் போவதற்கு எப்போதும் தெய்வீகக் காரணம் வேண்டியதில்லை.

இந்த நினைப்பு மனதில் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் வகுப்பில் கொலோடியன் பாடம் வந்தது. 1851-ல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயும் முன்னால் எடுத்து, காயும் முன்னால் கழுவியும் ஆக வேண்டும். சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். இந்தத் தட்டுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அதனால்தான் அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும், பழுப்பு முகங்கள் இருந்ததைவிடக் கறுத்திருக்கும். வள்ளலார் 1823-ல் பிறந்தார், 1874 தைப்பூசத்தில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். படம் எடுத்தார்கள் என்றால் இந்த முறையில்தான் எடுத்திருக்க வேண்டும். வெள்ளைத் துணி சட்டென்று பதிந்திருக்கும், முக்காட்டு நிழலுக்குள் இருந்த முகம் பதிந்திருக்காது. கதை அவிழ்ந்துவிட்டது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆயா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுக்கவில்லை.

“ஏன் பாப்பா, அந்த முதலியாருக்கு அதானே தொழிலு?”

“ஆமா ஆயா.”

“பட்டணத்துல அவருகிட்டப் படம் புடிக்க வந்தவங்கல்லாம் யாரு? வெள்ளை வேட்டி கட்டுன கறுத்த ஆளுங்கதானே? அவங்க மூஞ்சியெல்லாம் விழுந்திருக்குமா, விழுந்திருக்காதா?”

இதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஒரு தட்டு எதை எளிதாகப் பிடிக்கும், எதைச் சிரமப்பட்டுப் பிடிக்கும் என்பதைக் கொலோடியன் சொல்கிறது. அந்தச் சிரமத்தோடு தினமும் வேலை செய்து சம்பாதித்த ஒருவர் எட்டுத் தடவை தோற்றார் என்பதை அது சொல்லவில்லை. கதை நடந்தது என்றால் என் விளக்கம் போதாது. நடக்கவில்லை என்றால் என் விளக்கமே தேவையில்லை. இரண்டு பக்கத்திலும் அதற்கு வேலை இல்லை.

சரி, அப்படியானால் நீ அற்புதம் என்கிறாயா என்று கேட்டேன். அவளுக்கு அதிலும் அக்கறை இல்லை. “விழுந்திருந்தா மட்டும் என்னா? நான் போயிக் கும்புடறது வெளக்கத்தானே.”

அவள் கும்பிடுகிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்திய ஞான சபை எண்கோணக் கட்டடம். 1872 ஜனவரியில் தைப்பூசத்தன்று அங்கே முதல் ஜோதி தரிசனம் நடந்தது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம் என்று ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு விலகும். தைப்பூசத்தில் ஏழும் விலகும். கூட்டத்தில் நசுங்கி, பிள்ளைகளைத் தோளில் ஏற்றி, கழுத்து வலிக்க எக்கிப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது கண்ணாடிக்குள் ஒரு விளக்கு. மூக்கு இல்லை, கண் இல்லை. பக்கத்திலிருக்கும் சிதம்பரத்திலும் திரையை விலக்கினால் வெற்றிடத்தில் தொங்கும் பொன் வில்வ மாலைதான். இந்த மண்ணில் பெரிய திரைகளுக்குப் பின்னால் முகம் வைக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு நான் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தது முகம். தெய்வத்துக்கே தேவைப்படாத முகம் மனிதருக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்? உள்ளே இருப்பது ஒளி என்றால், வெளியே இருக்கும் தோலின் சுருக்கத்தை நூல் பிசகாமல் பதிவு செய்கிற என் வேலைக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த ஆள் ஆயாவின் தம்பி. சின்னத் தாத்தா என்போம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊறிப்போன சித்தாந்தி. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்போடு எழுந்த சண்டை 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனது. எங்கள் வீட்டில் அக்காவும் தம்பியும் சேர்ந்தால் அந்த வழக்கு இன்னும் வாய்தாவில்தான் நிற்கிறது.

தாத்தா கேமராவை வாங்கிப் பின் திரையில் படத்தைப் பார்த்தார். ஆயாவின் இடது கன்னம் பச்சையாக இருந்தது. திண்ணைச் சுவருக்குப் போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் பச்சை. வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் ஏறியிருக்கிறது. ஒயிட் பேலன்ஸை மாற்றிப் பச்சையைக் குறைத்தால் மறு கன்னம் செம்மை தட்டியது. “சார்ந்ததன் வண்ணமாதல்” என்றார் தாத்தா, பரம சந்தோஷமாக. பளிங்கின் பக்கத்தில் எந்தப் பூவை வைத்தாலும் பளிங்கு அந்த நிறமாகத் தெரியும். உயிரும் அப்படித்தான், எதைச் சார்கிறதோ அதுவாகி நிற்கும் என்பது சித்தாந்தம். ஆயா எழுந்து நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பச்சை போய்விட்டது. “அவ்வளவுதான், இதுக்கு எதுக்குடா பளிங்கு?”

ஆனால் அன்றைக்குத் தாத்தா சொன்ன இன்னொன்றுதான் என்னை இன்னும் விடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில், இங்கிருந்து ரொம்பத் தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில், மெய்கண்டார் பார்வையைப் பற்றி யோசித்திருக்கிறார். கண் தானாக எதையும் பார்ப்பதில்லை. உயிர் அதோடு சேர்ந்து நின்று காட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதே மாதிரி, உயிரும் தானாக எதையும் அறிவதில்லை. இறைவன் காட்ட வேண்டும். காட்டிவிட்டு விலகிப் போகாமல் கூடவே நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதை இரண்டாகச் சொல்வார்கள்.

என் கேமராவின் சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒன்றுகூடப் பார்ப்பதில்லை, வந்த ஒளியை எண்ணி வைக்கிறது, அவ்வளவுதான். நான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோன உடனே ஆயா ஒரு முகம் வைத்துக்கொள்வாள். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் பழகிய முகம்: மோவாய் தூக்கி, உதடு ஒட்டி, மூச்சை அடக்கி. எஃப் 1.8-ல், ஒரு மீட்டர் தூரத்தில், கூர்மையாக நிற்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழம்தான். அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் அவள் கண்ணைக் கச்சிதமாக நிறுத்திவிட முடிந்தது. இமை மயிரை எண்ணலாம். அங்கே ஆயா இல்லை. அவள் காட்டவில்லை, என் கண்ணுக்குத் தெரியவில்லை. லென்ஸை எவ்வளவு திறந்தாலும் அதற்குப் பரிகாரம் கிடையாது.

நான் இதைச் சொன்னதும் தாத்தா கையை ஆட்டி மறுத்தார். “அது இறைவனோட உபகாரம். அதை எடுத்து உங்க ஆயாவுக்கு ஒட்டாத.”

“ஏன்டா, அவரு எனக்குள்ள இல்லையா?” என்றாள் ஆயா.

மஞ்சக்குப்பம் வழக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. சித்தாந்தப்படி பார்த்தால் தாத்தா சொல்வதுதான் முறை; உயிர் உயிர்தான், பதி பதிதான். எனக்கு ஆயா பக்கம் சாயத் தோன்றுகிறது. எல்லா உயிரிலும் அந்த ஒளி இருக்கிறது என்பதை ஒருவர் மெய்யாகவே நம்பினால், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது அந்த ஆளின் உரிமை. எடுக்கிறவளுக்கு மிஞ்சுவது கூட நின்று காணும் வேலை மட்டும்.

அந்த உரிமையை ஆயா எவ்வளவு தூரம் கொண்டுபோவாள் என்பது தருமசாலையில் தெரிந்தது. 1867 மே மாதம் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. வருகிறவரின் சாதி, மதம், ஊர் கேட்காமல் சோறு போடுகிற இடம். ஆயா அவ்வப்போது காய் நறுக்கப் போவாள், ஒருநாள் நானும் போனேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள்மேல் பக்கவாட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சம். சாம்பாரின் ஆவி. போர்ட்ரெய்ட் கற்றுக்கொள்கிற எவருக்கும் கை பரபரக்கும் வெளிச்சம் அது. கேமராவை வெளியே எடுத்தேன்.

“சாப்புடுறவங்க மூஞ்சிய எடுக்காத.”

“கேட்டுட்டுத்தான் ஆயா எடுப்பேன்.”

“சோத்துக்கு முன்னால உக்காந்திருக்கவன்கிட்டக் கேட்டா, அவன் எப்புடி மாட்டேன்னு சொல்லுவான்?”

அனுமதி வாங்கிவிட்டு எடு என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். எந்த இடத்தில் கேட்டால் அது கேள்வியே இல்லை என்று சொல்லித் தருவதில்லை. பசித்தவனைக் கையேந்த விடாமல் போடுவதுதான் அந்தச் சாலையின் தருமம். அவனிடம் முகத்தை வாங்கிக்கொண்டால் சோற்றுக்கு விலை வைத்தாகிவிட்டது. இன்றைக்கு ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுக்க நாலு பேர் கை வைத்துக்கொண்டு, ஐந்தாவது ஆள் செல்போனில் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. வாங்குகிறவர் லென்ஸைப் பார்க்க வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள்.

இது செல்போன் கொண்டுவந்த வியாதியும் இல்லை. வள்ளலார் அறைக்குள் போய் இரண்டு வருஷத்தில் சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் வந்தது, 1876 முதல் 1878 வரை. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். எலும்பு எண்ணக்கூடிய உடம்புகள், மடியில் தலை நிற்காத பிள்ளைகள், எல்லோரும் கேமராவுக்கு முன் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னால் 1886-ல் பர்மாவின் மண்டலேயில் மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படம் பிடிக்கப் பார்த்ததற்காக விசாரணைக்கும் ஆளானவர் இவர். பஞ்சப் படங்களை நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். ஆயா முதலியாரை வைத்துக் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருந்தது. அதே மாகாணம், ஏறக்குறைய அதே காலம், அதே கறுத்த தோல். அந்த முகங்கள் விழுந்தன. ஒன்று பாக்கியில்லாமல் விழுந்திருக்கின்றன. அவர்கள் எதையும் காட்டவில்லை. மறைக்கத் தெம்பில்லை, எழுந்து போகவும் தெம்பில்லை.

அன்றிலிருந்து எட்டுத் தடவை தோற்றுப்போன அந்தக் கதை எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. நடந்ததா இல்லையா என்பது இருக்கட்டும். முகத்தைக் கொடுக்காமல் இருக்க ஒருவரால் முடியும் என்று ஒரு ஊர் நூற்றைம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பஞ்சத்தில் அது முடியாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைச் சொல்கிறவர்கள்.

பந்தியில் எடுக்கவில்லை. ஆயாவையே எடுத்தேன். தாத்தாவை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, நாவலர் பேச்சை எடுக்கச் சொன்னேன். எஃப் 2.8, 1/125, கன்னத்துக்கு வைத்த அளவு. சேலை போனால் போகட்டும் என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டேன். மேனுவல் மோடில் எதை இழப்பது என்பதை ஷட்டரை அழுத்தும் முன்னால் சொல்லியாக வேண்டும், பிறகு அதைக் கேமராவின் தலையில் போட முடியாது. ஆயா ஏதோ பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தம்பியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். அந்த இடத்தில் அழுத்தினேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே காட்டினாள்.

ஹைலைட் போய்விட்டது என்று கல்லூரியில் மதிப்பெண் குறைந்தது. விதிப்படி சரிதான். ஆயாவுக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு இதையே போடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி அவரைக் கலவரப்படுத்தினாள். பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி மவுஸைப் பிடித்தபடி, “பாட்டிம்மா, மூஞ்சியக் கொஞ்சம் செவப்பாக்கிடவா?” என்றார்.

“வேணாம்ப்பா. இத்தனை வருசம் இந்த மூஞ்சியோடதான சோறு தின்னேன்.”

“சேலையில டிசைனே தெரியலையே, வேற சேலை மாத்திடறேன்?”

ஆயா திரையில் இருந்த வெள்ளைப் பாழையும் அதன்மேல் இருந்த தன் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்குத் துணி விழுந்துச்சு, மூஞ்சி விழல. எனக்கு மூஞ்சி விழுந்துடுச்சு, துணி விழல. இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குது பாத்தியா.” தம்பியிடம், “பத்துக்கு எட்டு சைஸ்ல ரெண்டு போடு. லேமினேசனோட எவ்வளவு ஆவும்?” என்றாள்.